கேத்தில புது வீட்டுக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டரா, சோலாரா?

ஊட்டி பக்கத்துல கேத்தில வீடு கட்டிட்டு இருக்கீங்க, ரெண்டு பாத்ரூம், வயசான அம்மாவையும் சேத்து வீட்ல நாலு பேரு, கோயமுத்தூர் கடைல கேட்டப்ப பாத்ரூமுக்கு ஒரு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டிக்கோங்க, டேங்க் வச்ச கீசர் எல்லாம் எதுக்குன்னு சொல்லிட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரர் சோலார் போடச் சொல்றார், ஆனா மழைக்காலத்துல வெயிலே இல்லாம என்ன பண்றதுன்னு பயமா இருக்கு, எத எடுக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. நான் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூணு பக்கமும் பைப் லைனும் ஹீட்டரும் சோலாரும் மாட்டுற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பூச்சு வேலைக்கு முன்னாடியே கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு, சுவரெல்லாம் பூசி டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் கேட்டிருந்தா இதுல பாதிய செய்ய முடியாது.

கடைக்காரர் சொன்னது அவர் ஊருக்கு சரிங்க. நம்ம ஊருக்குத்தான் சரி வராது. காரணம் ஹீட்டர்ல இல்ல, குழாய்ல வர்ற தண்ணில இருக்கு. ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4.18 கிலோஜூல் வேணும், அது சென்னையா இருந்தாலும் ஊட்டியா இருந்தாலும் மாறாது. 3 கிலோவாட் ஹீட்டர் ஒரு நிமிஷத்துல 180 கிலோஜூல் குடுக்கும், அப்படின்னா நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடுனா 43 டிகிரி ஏறும், மூணு லிட்டர் ஓடுனா 14 டிகிரிதான் ஏறும். கீழ சமவெளி ஊர்ல தொட்டித் தண்ணி 28 டிகிரில இருக்கும், அதோட 14 சேத்தா 42, குளிக்க அருமையான சூடு. இங்க ஜனவரி காலைல சின்டெக்ஸ்ல இருந்து வர்ற தண்ணி 12 டிகிரி இருந்தாலே நல்லது, அதோட 14 சேத்தா 26. அந்தத் தண்ணில யாரு குளிப்பா? சூடா வேணும்னா குழாய சின்னதா திறக்கணும், நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர்தான், ஒரு 20 லிட்டர் பக்கெட் நிரம்ப 13 நிமிஷம் ஆகும். அதுவும் ஒழுங்கா 230 வோல்ட் வந்தா.

வோல்டேஜ் விஷயத்த கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. ஹீட்டர் காயிலுக்கு வோல்டேஜ் கொறஞ்சா பவர் அதோட வர்க்கத்துல கொறையும். காலைல ஊரே கீசர் போடுற நேரத்துல உங்க லைன் கடைசில 190 வோல்ட்தான் வருதுன்னு வச்சுக்கோங்க, 3 கிலோவாட்டுன்னு பெட்டில போட்டிருக்கிற ஹீட்டர் வெறும் 2 கிலோவாட்டுதான் வேலை செய்யும், பக்கெட்டுக்கு 20 நிமிஷம். டேங்க் உள்ள கீசரா இருந்தா அது இன்னும் கொஞ்ச நேரம் கூட எடுத்துக்கிட்டு அதே சூட்டுக்கு வந்துரும், இன்ஸ்டன்ட்டுக்கு அந்த அவகாசமே கிடையாது, அந்த நிமிஷம் என்ன வருதோ அதுதான். புது இடத்துல கனெக்‌ஷன் வந்த உடனே காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் ஒரு மீட்டர் வச்சு வோல்டேஜ் பாத்து எழுதி வைங்க. அதே மாதிரி ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி குழாத் தண்ணியோட சூட்டையும் பாத்துக்கோங்க, இந்த ரெண்டு நம்பர் கைல இருந்தா எந்தக் கடைக்காரரும் உங்கள கொழப்ப முடியாது.

4.5 கிலோவாட்ல இன்ஸ்டன்ட் இருக்கே, அது போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. அது நிமிஷத்துக்கு ரெண்டே கால் லிட்டர் பக்கம் 40 டிகிரில குடுக்கும், பக்கெட்டுக்கு ஒன்பது நிமிஷம், ஆனா 20 ஆம்பியர் இழுக்கும். அதுக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயரு போர்டுல இருந்து தனியா வரணும், தனி எம்சிபி, சாதாரண 16 ஆம்பியர் பிளக்ல சொருகவே கூடாது. ரெண்டு பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல போட்டா 40 ஆம்பியர். கிராமத்து லைன்ல இத நான் யாருக்கும் சொல்றதில்லங்க. இன்ஸ்டன்ட்டுக்கு ஏத்த இடம் கிச்சன் சிங்க்கும் வாஷ்பேசினும்தான், பாத்திரம் கழுவ, அம்மா கைகால் கழுவ, அந்த அளவு தண்ணிக்கு அது நல்லா வேலை செய்யும், தேவையில்லாம டேங்க்ல தண்ணி சூடாவே இருந்து ஆறவும் ஆறாது.

கேஸ் கீசரும் டேங்க் இல்லாததுதான், அத தனியா பேசணும், ஏன்னா மலைல அதுதான் உண்மையா இன்ஸ்டன்ட். 6 லிட்டர்னு விக்கிறாங்களே, அதுக்கு அர்த்தம் நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணிய 25 டிகிரி ஏத்தும்னு, கணக்கு போட்டா 10 கிலோவாட்டுக்கு மேல. நம்ம 12 டிகிரி தண்ணிய 40க்கு கொண்டு வர நிமிஷத்துக்கு 5 லிட்டருக்கு மேல குடுக்கணும், உயரத்துல காத்து மெலிசா இருக்கறதால கொஞ்சம் கொறையும்னு வச்சாலும் அஞ்சு நிமிஷத்துல ஒரு பக்கெட். பத்த வைக்க ரெண்டு பெரிய பேட்டரி செல்லு போதும், கரண்டே வேண்டாம். ஜூன் ஜூலைல காத்தடிச்சு கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) லைன் மேல சாஞ்சு நாள் கணக்கா கரண்ட் இல்லாத ஊர்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணுல தோராயமா 200 பக்கெட் வெந்நீர் வரும், நாலு பேரு குளிச்சா ஒன்றரை மாசம் தாண்டும். ஒரு சின்ன தொல்லை இருக்கு, கடும் குளிர்ல சிலிண்டர் வெளிய இருந்து அதுல கேஸும் கொறஞ்சிருந்தா உள்ள இருக்கற பியூட்டேன் சரியா ஆவியாகாது, பிரஷர் விழுந்து தீ சின்னதாகும். வெயில் படுற, மழை படாத, காத்தோட்டமான இடத்துல சிலிண்டர வைங்க. அதுக்காக சிலிண்டர் மேல வெந்நீர் ஊத்தறது, பக்கத்துல அடுப்பு வைக்கறது எல்லாம் கூடவே கூடாது.

இப்ப சொல்லப்போறத தயவுசெஞ்சு ரெண்டு தடவ படிங்க. கேஸ் கீசர பாத்ரூமுக்குள்ள மாட்டாதீங்க. கீழ ஊர்ல பாத்ரூம் ஜன்னல் திறந்தே கிடக்கும், இங்க குளிருக்கு ஜன்னல இறுக்கி மூடி, கதவு இடுக்குல துணி வச்சு, சில வீட்ல வென்டிலேட்டர்ல அட்டை வச்சு ஒட்டியே வச்சிருப்பாங்க. அந்த ரூம்ல 10 கிலோவாட் தீ எரிஞ்சா அஞ்சாறு நிமிஷத்துல ஆக்சிஜன் கொறையும், அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, கண்ணும் எரியாது. தலை சுத்துதேன்னு நெனைக்கறதுக்குள்ள கால் ஓடாது, தாழ்ப்பாள திறக்க முடியாது. நம்ம மலைலயே ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சு தூங்கி காலைல எந்திரிக்காதவங்க செய்தி எத்தனை படிச்சிருக்கோம், அதே விஷம்தாங்க இதுவும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கேன்னு சொல்லாதீங்க, கரண்ட் போனா ஃபேன் நிக்கும், கேஸ் கீசர் நிக்காது. வெளிச் சுவர்ல, ஓட்டு இறக்கத்துக்கு அடில, மழைச்சாரல் படாத மாதிரி மூணு பக்கம் திறந்த இடத்துல மாட்டி சூடு தண்ணிய மட்டும் சிபிவிசி பைப்ல உள்ள கொண்டு வாங்க. ஐஎஸ் 15558 முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, ரப்பர் டியூப் பச்சைக் கலர் சாதாரணது வேண்டாம், உள்ள கம்பி வலை போட்ட சுரக்‌ஷா டியூப் போடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ பர்னரையும் மேல புகை போற வழியையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா அன்னைக்கே நிறுத்திருங்க. வெளிச் சுவரே கிடைக்காத பாத்ரூம்னா கேஸ் கீசர் ஆசைய விட்டுருங்க, அம்மா குளிக்கற இடம்.

டேங்க் வச்ச கரண்ட் கீசர் பத்தி சுருக்கமா. 15 லிட்டர், 2 கிலோவாட். 12 டிகிரில இருந்து 60க்கு வர 25 நிமிஷம், அதுக்கு 0.84 யூனிட். அத பச்சத் தண்ணில கலந்தா 40 டிகிரில 25 லிட்டர் கிடைக்கும், அதாவது ஒரு ஆள் தாராளமா குளிக்கலாம், ரெண்டாவது ஆள் காத்திருக்கணும். 25 லிட்டர் கீசரா எடுத்தா ரெண்டு பக்கெட் வரும், சூடாக 40 நிமிஷத்துக்கு மேல ஆகும். ஸ்டார் அதிகமா இருக்கறது வாங்குங்க, ஏன்னா அந்த பிஇஇ ஸ்டார் முக்கியமா டேங்க் சும்மா நிக்கும்போது எவ்வளவு சூடு வீணாகுதுங்கறத வச்சுத்தான், நம்ம குளிர்ல அந்த நஷ்டம் கீழ ஊர விட கூட. நாலு பேரு குளிச்சு, பாத்திரமும் கழுவினா ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் ஆகும், ரெண்டு மாச பில்லுல 200 யூனிட்ட தாண்டும். இத மட்டும் பாத்தா பெருசா தெரியாது, ஆனா மத்த செலவோட சேந்து 500 யூனிட்ட தாண்டிட்டா நம்ம ஊர் கணக்குல கீழ ஸ்லாப் ரேட்டும் சேந்து மாறிரும், அப்ப பில்லு சட்டுனு எகிறும். சோலார் வேணும்னு நான் சொல்றதுக்கு முதல் காரணம் இதுதான்.

வெயிலே இல்லயேன்னு பயப்படறீங்களே, நீலகிரி வெயில வருஷம் பூரா கவனிச்சுப் பாருங்க. நமக்கு தண்ணி ரொம்ப குளிர்ற காலம் டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும், ராத்திரி உறைபனி, காலைல புல்லெல்லாம் வெள்ளையா கிடக்கும். ஆனா அந்த மாசங்கள்லதான் பகல்ல வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும், 2000 மீட்டர் உயரத்துல வெயிலும் சுள்ளுனு அடிக்கும். காத்து குளிரா இருந்தா சோலாருக்கு பெரிய பாதிப்பு இல்ல, அதுக்கு வேண்டியது வெளிச்சம். அதனால வெந்நீர் ரொம்ப தேவைப்படற மாசத்துல சோலார் நல்லாவே வேலை செய்யும். அது கைவிடறது மழை மாசங்கள்ல. ஊட்டி, நடுவட்டம், கூடலூர் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் பாதி வரைக்கும், கொடைக்கானல்லயும் அக்டோபர் நவம்பர்தான் மோசம். கேத்திக்கு ரெண்டு மழையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். அந்த மாசங்கள்ல சோலார் தனியா நம்பி உக்கார முடியாது, பேக்கப் கட்டாயம் வேணும். ஆனா மேகமூட்டத்துலயும் அது சும்மா இருக்காது, 15 டிகிரி தண்ணிய 25க்கு கொண்டு வந்து வச்சிருக்கும். அந்த 10 டிகிரிய யாரும் மதிக்கறதில்ல. நான் மதிக்கறேன். 15ல இருந்து 40க்கு ஏத்த வேண்டிய வேலைல அஞ்சுல ரெண்டு பங்கு அங்கயே முடிஞ்சு போச்சு, மிச்சம் 15 டிகிரிதான் கரண்ட் பாத்துக்கணும். மேல சொன்ன அதே 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், 25 டிகிரி தண்ணி உள்ள வந்தா நிமிஷத்துக்கு மூணு லிட்டர் கிட்ட நல்ல சூட்ல குடுக்கும். சோலார் பின்னாடி இருந்தா இன்ஸ்டன்ட்டும் நம்ம ஊர்ல வேலை செய்யும், தனியா விட்டா திணறும்.

அளவு. 100 லிட்டர் சோலார் நாலு பேருக்கு போதும்னு கேட்டலாக்ல போட்டிருப்பாங்க, அதுவும் கீழ ஊர்க் கணக்குதான். 60 டிகிரி வெந்நீர எடுத்து 28 டிகிரி தண்ணில கலந்தா 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஏழரை லிட்டர் வெந்நீர் போதும். நம்ம 12 டிகிரி தண்ணில கலக்க கிட்டத்தட்ட 12 லிட்டர் வேணும். அங்க 13 பக்கெட் வர்ற 100 லிட்டர் டேங்க்ல இங்க எட்டரை பக்கெட்தான் வரும், ராத்திரி அஞ்சாறு டிகிரி ஆறிப்போனா அதுவும் கொறையும். நாலு பேரு வீட்டுக்கு 200 லிட்டர் போடுங்க. 300 வேண்டாம், நாலு பேருக்கு அது தேவைக்கு மேல. இன்னொண்ணு, முடிஞ்சவங்க சாயங்காலம் 4 மணி 5 மணிக்கு குளிக்கற பழக்கத்துக்கு வந்துட்டா தண்ணி உச்ச சூட்ல இருக்கும், ராத்திரி நஷ்டமே இல்ல. உங்க அம்மாவுக்கு உடம்புக்கும் அது நல்லது, பனி இறங்குற காலைல எதுக்கு அவங்க தலைக்கு ஊத்தணும்.

சோலார் ஹீட்டர்ல ரெண்டு வகை இருக்கு, ஈடிசியா எஃப்பிசியான்னு கேட்டா கேத்திக்கு என் பதில் ஈடிசி, அந்த கண்ணாடிக் குழாய் வச்சது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெற்றிடம் இருக்கறதால உள்ள ஏறுன சூடு வெளிய குளிருக்குப் போகாது, காத்தடிக்கற, பனி விழுற ஊருக்கு அது பொருத்தம். எஃப்பிசி தாமிரப் பைப்பும் தகடும் கண்ணாடி மூடுன பெட்டியும், ஒடையாது, நீண்ட நாள் உழைக்கும், ஆனா உறைபனில அதுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கு. தெளிவான ராத்திரில அந்தத் தகடு வானத்தப் பாத்து சூட்ட இழந்துக்கிட்டே இருக்கும், வெளில காத்து 2, 3 டிகிரி இருக்கும்போதே தகட்டுக்குள்ள தண்ணி உறைஞ்சு போக வாய்ப்பிருக்கு. தண்ணி உறைஞ்சா பெருக்கும், தாமிரப் பைப் வெடிக்கும், காலைல வெயில் வந்து பனி உருகினதும் கூரை எல்லாம் தண்ணி. எஃப்பிசிதான் வேணும்னா உள்ள கிளைகால் கலந்த தண்ணி தனியா சுத்துற, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்ச மாடல் கேட்டு வாங்கணும், விலை கூடும். குளிர்ந்த காத்து பள்ளத்துல இறங்கி தேங்கும், அதனால கேத்தி பள்ளத்தாக்குல கீழ வயக்காட்டு ஓரத்துல உங்க வீடுன்னா உறைபனி மேட்டுல இருக்கறவங்கள விட கடுமையா இருக்கும், இத யோசிச்சுத்தான் ஈடிசி சொல்றேன். குன்னூருக்கு கீழ பர்லியார் பக்கம்னா எஃப்பிசி தாராளமா போடலாம்.

ஈடிசிக்கு எதிரி குரங்கு. ஸ்டாண்டு மேல ஏறி குதிச்சா குழாய் ஒடையும், கல்லு போட்டாலும் ஒடையும், ஆலங்கட்டி மழையும் இருக்கு. மேல அகலக் கண்ணி வச்ச கம்பி வலை ஒண்ணு அடிச்சுடலாம், கொஞ்சம் நிழல் விழும், பரவாயில்ல. ரெண்டு குழாய் கூடுதலா வாங்கி வீட்ல வச்சுக்கோங்க, அவசரத்துக்கு கீழ போய் வாங்கறது பெரிய அலைச்சல். டேங்க்ல தண்ணி இல்லாம வெயில்ல காஞ்ச குழாய்ல திடீர்னு பச்சத் தண்ணி விட்டாலும் விரிசல் விடும், தண்ணி நின்னு போச்சுன்னா சாயங்காலம் வெயில் இறங்கினதுக்கு அப்புறம்தான் நிரப்பணும். டேங்க் மேல நிக்குதே ஏர் வென்ட் பைப், அத யாரும் மூடாம பாத்துக்கோங்க, பனில அதோட வாய் அடைஞ்சு போய் கீழ தண்ணி எடுத்தா உள்ள வெற்றிடம் ஆகி டேங்கே அமுங்கிப் போகும். அத நேரா மேல, வளைவு இல்லாம, கொஞ்சம் பெரிய பைப்ல விடச் சொல்லுங்க. நம்ம ஊத்துத் தண்ணி உப்பு கொறைவா இருக்கும், அதனால கீழ போர் தண்ணில பிடிக்கிற மாதிரி குழாய்ல சுண்ணாம்பு படியாது, இது நமக்கு ஒரு வரம்.

இடம் பாக்கறதுதான் மலைல பாதி வேலை. தெற்கு பாத்து, 20, 25 டிகிரி சாய்வுல, காலை 9 மணில இருந்து 3 மணி வரைக்கும் நிழல் விழாத இடம் வேணும். டிசம்பர்ல சூரியன் தெற்குப் பக்கம் தாழ்ந்து போகும், அப்ப தெற்குல 20 மீட்டர் உயர கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ நின்னா உச்சி வெயில்லயே 14 மீட்டர் நிழல் விழும், காலைல இன்னும் நீளம். மே மாசத்துல வந்து பாத்துட்டு நிழலே இல்லன்னு சொல்ற ஆள நம்பாதீங்க. வடக்கு பாத்த சரிவுல வீடுன்னா பின்னாடி மலையே மறைக்கும், வெயில் வீட்டுக்கு வரவே 10 மணி ஆகும், அப்படிப்பட்ட இடத்துல சோலார் வேண்டாம்னே சொல்லிருவேன். மத்தியானம் மஞ்சு ஏறி வந்து மூடுற இடம்னா காலை வெயில்தான் காசு, கொஞ்சம் கிழக்குப் பக்கமா திருப்பி வைக்கலாம்.

கூரை தகர ஷீட்னா கவனம். 200 லிட்டர் சோலார் தண்ணியோட கால் டன்னுக்கு மேல வரும், அதுக்கு மேல பச்சத் தண்ணி டேங்க் வேற வேணும், ஏன்னா அதோட அடிப்பாகம் சோலார் டேங்கோட தலைய விட உயரமா இருந்தாத்தான் தானா நிரம்பும். ஷீட் வீட்டு மேல இவ்வளவையும் ஏத்தி ஆடிக் காத்துல நிக்க வைக்கறது ரிஸ்க்கு. மலைல நமக்கு ஒரு வசதி இருக்கு, வீட்டுக்குப் பின்னாடி படிக்கட்டு வெட்டின மேட்டு நிலம் கூரை உயரத்துக்கே இருக்கும், அங்க ஒரு கான்கிரீட் மேடை போட்டு சோலார தரைலயே வச்சுரலாம், சரிவுல தண்ணி தானா இறங்கி வரும், துடைக்கவும் ரிப்பேருக்கும் ஏணியே வேண்டாம். ஒரே கணக்கு பைப் நீளம். முக்கால் இஞ்சு பைப்ல மீட்டருக்கு கால் லிட்டர் தண்ணி நிக்கும், 20 மீட்டர் இழுத்தா காலைல ஒவ்வொரு தடவையும் 5 லிட்டர் ஆறிப்போன தண்ணி வந்த பிறகுதான் சூடு வரும். வெந்நீர் லைன மட்டும் அரை இஞ்சுல எடுத்தா அது பாதியாகும். என்ன பண்ணாலும் வெந்நீர் பைப் முழுக்க இன்சுலேஷன் குழல் மாட்டி, வெயில் படுற இடத்துல அது மேல ஒரு உறையும் போடணும், இல்லன்னா ரெண்டு வருஷத்துல உதிர்ந்து போகும். சாதாரண பிவிசி வெந்நீருக்கு ஆகவே ஆகாது, சிபிவிசிதான்.

பேக்கப்ப எங்க வைக்கறதுங்கறதுல நிறைய பேரு காச விடறாங்க. சோலார் டேங்க்குள்ளயே 2 கிலோவாட் காயில் போட்டுத் தரோம்னு சொல்லுவாங்க. மழை நாள்ல ரெண்டு பேரு குளிக்க அந்த ஸ்விட்ச போட்டா மேல இருக்கற 200 லிட்டரும் சூடாகணும், 30 டிகிரி ஏத்தவே 7 யூனிட், அதுவும் வெளிய குளிர்ல நிக்கற டேங்க். அதுக்கு பதிலா சோலார் லைன பாத்ரூம்ல ஒரு 15 லிட்டர் கீசருக்குள்ள விட்டு அங்கிருந்து குழாய்க்கு எடுங்க. வெயில் நாள்ல ஸ்விட்ச் போட வேண்டாம், மழை நாள்ல 25 டிகிரி தண்ணி உள்ள வரும், தேவையான 15 லிட்டர் மட்டும் சூடாகும். கூடவே கீசர சுத்திப் போற மாதிரி ஒரு பைபாஸ் வால்வு வச்சிருங்க, நல்ல வெயில் நாள்ல தண்ணி நேரா குழாய்க்கு வரட்டும். கேஸ் கீசரோ இன்ஸ்டன்ட்டோ சோலாருக்கு பின்னாடி வச்சா பைபாஸ் கட்டாயம், ஏன்னா 60, 70 டிகிரி தண்ணி உள்ள வர்றத எல்லா மாடலும் தாங்காது, வாங்கும்போதே உள்ள வர்ற தண்ணிக்கு எவ்வளவு சூடு வரைக்கும் ஆகும்னு மேனுவல்ல பாத்துக்கோங்க.

இன்னொரு விஷயம், இதுக்காகவே என்ன அடிக்கடி கூப்பிடுவாங்க. சோலார் வெந்நீர் மேட்டுல இருந்து தானா இறங்கி வருது, பச்சத் தண்ணிக்கு மட்டும் ஷவர் நல்லா அடிக்கணும்னு பிரஷர் பம்ப் போட்டிருப்பாங்க. மிக்ஸர திறந்த உடனே பலமா வர்ற பச்சத் தண்ணி வெந்நீர் லைனுக்குள்ள ஏறிப் போயிரும், சோலார் வேலை செய்யலன்னு புகார். ரெண்டும் ஒரே டேங்க் உயரத்துல இருந்து வரணும், இல்ல ரெண்டுக்கும் பம்ப், நடுவுல தண்ணி திரும்பி ஏறாம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வு.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். விறகு பாய்லர் நம்ம ஹட்டிங்கள்லயும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் வீடுகள்லயும் இன்னும் இருக்கு, தேயிலை கவாத்து பண்ண குச்சி சும்மா கிடைக்கற வீட்டுக்கு அது நல்லதுதான், வீட்டுக்கு வெளிய புகைக்கூண்டோட இருந்தா சரி. ஹீட் பம்ப் நாலு பேரு வீட்டுக்கு வேண்டாம், குளிர்ல அதோட திறன் கொறையும், நிறைய ரூம் வச்சிருக்கற காட்டேஜ்காரங்க யோசிக்கலாம். சூர்யா கர் திட்டத்துல மானியம் வருமான்னு கேக்காதீங்க, அது கரண்ட் தயாரிக்கற பேனலுக்கு, தண்ணி சூடு பண்றதுக்கு இல்ல.

உங்க வீட்டுக்கு நான் செய்யறதா இருந்தா, தெற்கு வெயில் கிடைக்குதுன்னா 200 லிட்டர் ஈடிசி பின்மேட்டுல, அம்மா குளிக்கற பாத்ரூம்ல 25 லிட்டர் கீசர், மேல் பாத்ரூம்ல 15 லிட்டர், ரெண்டுமே சோலார் லைன்ல பைபாஸோட, கிச்சன்ல ஒரு சின்ன 3 கிலோவாட் இன்ஸ்டன்ட். கரண்ட் இல்லாத வாரத்துக்கு வெளிச் சுவர்ல ஒரு கேஸ் கீசர், காசு இப்ப இல்லன்னா பைப்ப மட்டும் விட்டு மூடி போட்டு வைங்க, அடுத்த வருஷம் மாட்டிக்கலாம். வடக்குச் சரிவுன்னா சோலார விட்டுட்டு கீசர் ரெண்டும் கேஸும். பூச்சுக்கு முன்னாடி வெந்நீர் லைன் பதிக்கும்போது சுவர்க்குழிய கொஞ்சம் அகலமா வெட்டச் சொல்லுங்க, இன்சுலேஷனோட பைப் உள்ள போகணும், கொத்தனார் அவசரத்துல வெறும் பைப்ப வச்சு பூசிருவார், பக்கத்துலயே நில்லுங்க. ஒவ்வொரு கீசருக்கும் போர்டுல இருந்து தனி ஒயரு, தனி எம்சிபி, மொத்தத்துக்கும் கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆகற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த் குழி. பாறை மேல வீடுன்னா எர்த் சரியா கிடைக்காது, மண்ணு ஈரமா இருக்கற இடம் பாத்து தள்ளிப் போய் குழி போட்டு ஒயர இழுத்துட்டு வரச் சொல்லுங்க, போட்டு முடிச்சதும் எர்த் டெஸ்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. வோல்டேஜும் குழாத் தண்ணி சூடும் அளந்துட்டு வீட்டு முகம் எந்தப் பக்கம்னும் சொல்லுங்க, பைப் எப்படி போகணும்னு பேப்பர்ல வரைஞ்சு தரேன்.